அடுக்குக்குறிக் குடும்பம்: கையால் எழுதிப் பழக ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு வந்தாறுமூலைக்கோ சம்மாந்துறைக்கோ பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு, ஏதோ ஒரு வருடத்தில் 'எக்ஸ்பொனென்ஷியல் ஃபமிலி' என்ற தலைப்பு வந்துசேரும். ஒரே பொது வடிவத்தில் எழுதக்கூடிய நிகழ்தகவுப் பரம்பல்களின் கூட்டம் அது, தமிழில் அடுக்குக்குறிக் குடும்பம். முதல் வரியிலேயே நாலு சார்புகளும் கிரேக்க எழுத்துகளும் கொண்ட ஒரு சூத்திரம். பாதிப் பேர் அதைப் பாடமாக்கி, சோதனையில் எழுதிவிட்டு, அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தச் சூத்திரத்தில் தொடங்குவதுதான் பிழை என்பது என் எண்ணம். ஏன் இப்படி ஒரு குடும்பம் தேவைப்பட்டது என்று தெரிந்தால் சூத்திரம் தானாக வந்துவிடும்.

கையில் இருக்கவேண்டியவை அதிகமில்லை: இயற்கை மடக்கை, ஒரு சார்பை வகையிடுவது, இடை, மாறற்றிறன், ஒரு பேனை, நிறையக் கடதாசி. தொகையீடு கொஞ்சம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் போகலாம்.

முதலில் ஒரு கொப்பி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், பெரும்போக நெல் கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்தைத் தாண்டிவிட்டால் இரவில் காவல் இருந்தே ஆகவேண்டும், யானை வரும். காவலுக்கு நிற்பவர் ஒவ்வொரு இரவும் எத்தனை தரம் யானை வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கியது என்று ஒரு கொப்பியில் குறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து இரவுகளுக்கான எண்கள் இவை. பயிற்சிக்காக நான் போட்ட எண்கள்தான், எந்தக் கிராமத்துக் கணக்கும் இல்லை:

0, 1, 0, 2, 0, 0, 1, 3, 0, 1

மொத்தம் 8. ஓர் இரவுக்குச் சராசரி 0.8.

இப்போது கேள்வி. மழையில் நனைந்து கொப்பி கிழிந்துபோய், 'பத்து இரவு, மொத்தம் எட்டு' என்ற கடைசி வரி மட்டும் தப்பியது என்றால் நாம் எதை இழந்தோம்? எண்கள் பொய்சோன் பரம்பலில் (ஒரே வீதத்தில், ஒன்றையொன்று சாராமல் நடப்பவற்றை எண்ணும்போது வரும் பரம்பல்) இருந்து வந்தவை என்று ஏற்றுக்கொண்டால், யானை வரும் வீதத்தைப் பற்றி அறிவதற்கு ஒன்றையுமே இழக்கவில்லை. முதல் இரவு 0 வந்ததா 3 வந்ததா என்ற விபரம் வீதத்தைப் பற்றி மேலதிகமாக எதுவும் சொல்லாது. அந்த 8 என்ற கூட்டுத்தொகையைத்தான் போதுமான புள்ளிவிபரம் என்கிறோம். 1920களின் தொடக்கத்தில் ஆங்கிலப் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷர் கொண்டுவந்த கருத்து இது.

பத்து இரவு ஆயிரமாகட்டும், கொப்பியில் தேவைப்படுவது அப்போதும் ஒரே ஒரு கூட்டுத்தொகைதான். எல்லாப் பரம்பலும் இந்த வசதியைத் தருவதில்லை. எவை தரும் என்று 1935இல் பிரான்சில் ஜோர்ஜ் டார்முவாவும், 1936இல் பிட்மனும் கூப்மனும் தனித்தனியாகத் தேடிப் போனார்கள். மூவரும் வந்துசேர்ந்த விடை ஒன்று: தரவு விழக்கூடிய எல்லை பரமானத்தோடு (யானை வரும் வீதம்போல, பரம்பலைத் தீர்மானிக்கும் நமக்குத் தெரியாத எண்ணோடு) மாறாமல் இருந்தால், வழக்கமான மென்மை நிபந்தனைகளின் கீழ், அடுக்குக்குறிக் குடும்பம் மட்டுமே அந்த வசதியைத் தரும்.

சூத்திரத்தின் நாலு துண்டுகள்

இதற்குமேல் கிரேக்க எழுத்துகளை விட்டுவிட்டு நம் சொற்களிலேயே எழுதப் போகிறேன். அவதானிக்கும் பெறுமானம் க. 'அடுக்கு[ ]' என்றால் 2.718 என்று தொடங்கும் அந்த இயற்கை எண்ணின் அடுக்கு. 'மடக்கை' என்றால் எப்போதும் இயற்கை மடக்கை. அப்படியானால் குடும்பத்தின் பொது வடிவம்:

நிகழ்தகவு(க) = அடி(க) × அடுக்கு[ இ × திரட்டு(க) − சமன்(இ) ]

'இ' என்பது இயற்கைப் பரமானம். விரிவுரைக் குறிப்பில் ஈற்றா என்ற கிரேக்க எழுத்து இருக்கும் இடம் அது. 'திரட்டு' என்பது கொப்பியில் நாம் கூட்டிவைக்கும் விடயம். 'அடி' தரவை மட்டும் சார்ந்தது, பரமானம் அதற்குள் வராது. 'சமன்' பரமானத்தை மட்டும் சார்ந்தது, எல்லா நிகழ்தகவுகளையும் கூட்டினால் 1 வரச்செய்வது அதன் வேலை.

இதில் கவனிக்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. தரவும் பரமானமும் சந்திப்பது 'இ × திரட்டு(க)' என்ற பெருக்கத்தில் மட்டும்தான். வேறெங்கும் இரண்டும் கலப்பதில்லை. ஆகவே ஒரு பரம்பல் இந்தக் குடும்பமா என்று பார்ப்பது என்றால், அந்த இரண்டையும் இப்படிப் பிரித்தெடுக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான்.

முதல் பயிற்சி: முளைத்ததா, இல்லையா

விதைநெல் ஒன்றை ஈரச்சாக்கில் போடுகிறீர்கள். முளைத்தால் க = 1, முளைக்காவிட்டால் க = 0. முளைக்கும் நிகழ்தகவு ப. இது பேர்நூலிப் பரம்பல்:

ப^க × (1 − ப)^(1 − க)

இங்கே அடுக்கு[ ] எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. நாம்தான் கொண்டுவரவேண்டும். எந்த நேர் எண்ணையும் அடுக்கு[மடக்கை(அந்த எண்)] என்று எழுதலாம் அல்லவா? இந்தப் பாடம் முழுவதற்கும் இந்த ஒரு வித்தை போதும். எழுதுவோம்:

அடுக்கு[ க × மடக்கை(ப) + (1 − க) × மடக்கை(1 − ப) ]

அடைப்பை விரித்து, க உள்ள உறுப்புகளை ஒரு பக்கமாகச் சேருங்கள்:

அடுக்கு[ க × மடக்கை( ப / (1 − ப) ) + மடக்கை(1 − ப) ]

சரி, இப்போது பொது வடிவத்தோடு ஒப்பிடுங்கள். திரட்டு(க) = க. அடி(க) = 1. இ = மடக்கை( ப / (1 − ப) ). மிஞ்சியிருப்பது மடக்கை(1 − ப), அது −சமன்(இ). ஆனால் சமன் இ-இல் எழுதப்படவேண்டும், ப-இல் அல்ல. இந்தப் படியைத்தான் மாணவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். இ-ஐத் திருப்பினால் ப = அடுக்கு[இ] / (1 + அடுக்கு[இ]), அதிலிருந்து 1 − ப = 1 / (1 + அடுக்கு[இ]). ஆகவே:

சமன்(இ) = மடக்கை( 1 + அடுக்கு[இ] )

100 விதையில் 85 முளைத்தால் ப-இன் மதிப்பீடு 0.85. இ = மடக்கை(0.85 / 0.15), அதாவது ஏறத்தாழ 1.73. ப எப்போதும் 0க்கும் 1க்கும் இடையே அடைபட்டுக் கிடக்கும். இ எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். இந்தச் சுதந்திரம் பின்னால் நமக்கு உதவும்.

இரண்டாவது: யானைக் கொப்பி

பொய்சோன் பரம்பலில் வீதம் ல என்றால்:

ல^க × அடுக்கு[−ல] / க!

அதே வித்தைதான். ல^க என்பது அடுக்கு[க × மடக்கை(ல)]. ஆகவே:

(1 / க!) × அடுக்கு[ க × மடக்கை(ல) − ல ]

அடி(க) = 1 / க!, திரட்டு(க) = க, இ = மடக்கை(ல), சமன்(இ) = அடுக்கு[இ]. இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

பொய்சோன் எவ்வளவு நன்றாகப் பொருந்தக்கூடும் என்பதற்கு லடிஸ்லாவுஸ் போர்ட்கிவிச் 1898இல் வெளியிட்ட பழைய உதாரணம் ஒன்று உண்டு. பிரஷ்ய இராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு. 10 படைப்பிரிவுகள், 20 வருடங்கள், ஆக 200 பதிவுகள், மொத்தம் 122 மரணம். சராசரி 0.61. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, மரணமே இல்லாத பதிவுகள் எத்தனை இருக்கவேண்டும் என்று கணித்தால் 200 × அடுக்கு[−0.61], ஏறத்தாழ 108.7 வரும். உண்மையில் இருந்தது 109.

நம் கொப்பியிலும் செய்து பாருங்கள். 10 × அடுக்கு[−0.8] = 4.5. யானை வராத இரவுகள் 5. பரவாயில்லை.

சமன் சார்பை வகையிடுங்கள்

இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சமன்(இ) என்பது வெறும் ஒட்டுத்துண்டு போலத் தெரியும். ஆனால் அதை ஒரு தரம் வகையிட்டால் திரட்டின் இடை கிடைக்கும், இன்னொரு தரம் வகையிட்டால் மாறற்றிறன் கிடைக்கும்.

பொய்சோனில் சமன்(இ) = அடுக்கு[இ]. அதை எத்தனை தரம் வகையிட்டாலும் அடுக்கு[இ]தான், அதாவது ல. இடை ல, மாறற்றிறனும் ல. முடிவிலித் தொடரைக் கூட்டி ஒரு பக்கம் முழுக்க எழுதி நிறுவியது இங்கே ஒரே வரியில் வருகிறது. பேர்நூலியில் மடக்கை(1 + அடுக்கு[இ])-ஐ வகையிட்டால் அடுக்கு[இ] / (1 + அடுக்கு[இ]), அதுதான் ப. மறுபடி வகையிட்டால் ப × (1 − ப).

ஏன் இப்படி? நிறுவல் சின்னதுதான், தாண்டிப் போகவேண்டாம். எல்லா நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1. ஆகவே அடி(க) × அடுக்கு[இ × திரட்டு(க)] என்பதை எல்லாக் க-களுக்கும் கூட்டினால் அடுக்கு[சமன்(இ)] வரவேண்டும். இரு பக்கத்தையும் இ குறித்து வகையிடுங்கள். இடப்பக்கத்தில் ஒவ்வோர் உறுப்பும் கூடுதலாக ஒரு திரட்டு(க)-ஆல் பெருக்கப்படும். வலப்பக்கம் சமன்(இ)-இன் பெறுதி × அடுக்கு[சமன்(இ)] ஆகும். இப்போது இரு பக்கத்தையும் அடுக்கு[சமன்(இ)]-ஆல் வகுங்கள். இடப்பக்கத்தில் நிற்பது திரட்டின் இடை, வலப்பக்கத்தில் நிற்பது சமன்(இ)-இன் பெறுதி. இரண்டாவது பெறுதியை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. தரவிலிருந்து பரமானத்தை மதிப்பிட, அதியுயர் நேர்தகவு முறையில் (கையிலுள்ள தரவு வர ஆகக் கூடிய வாய்ப்பைத் தரும் பரமானத்தைத் தேடும் முறை) மடக்கை எடுத்துப் பெறுதியைப் பூச்சியமாக்குவோம். எ எண்ணிக்கையான அவதானங்களுக்கு அந்த மடக்கை, இ வராத பகுதியை விட்டால், இப்படித்தான் இருக்கும்:

இ × (திரட்டுகளின் கூட்டுத்தொகை) − எ × சமன்(இ)

பெறுதியைப் பூச்சியமாக்கினால்: கொப்பியில் உள்ள திரட்டின் சராசரி = சமன்(இ)-இன் பெறுதி. குடும்பத்தில் எந்தப் பரம்பல் என்றாலும் இதே சமன்பாடுதான். இரண்டாவது பெறுதி −எ × மாறற்றிறன், மாறற்றிறன் நேர் எண். ஆகவே உச்சம் இருந்தால் ஒன்றுதான் இருக்கும், கணினி தவறான உச்சத்தில் போய் மாட்டிக்கொள்ளாது.

'இருந்தால்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 100 விதையும் முளைத்துவிட்டால் ப = 1, இ முடிவிலிக்கு ஓடும். விவசாயிக்குச் சந்தோஷம், மென்பொருளுக்குத் தலையிடி. 'ஆர்' (R) என்ற புள்ளிவிபர மென்பொருளில் நிகழ்தகவு 0 அல்லது 1 ஆகிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், பெரும்பாலும் இந்த வகைச் சிக்கல்தான்.

இரண்டு பரமானம்: செவ்வன் பரம்பல்

ஏக்கருக்கு எத்தனை மூடை விழுந்தது என்று ஐந்து வயல்களில் விசாரித்தோம் என்று வையுங்கள்: 22, 25, 19, 28, 26. செவ்வன் பரம்பலின் அடுக்கில் இருப்பது −(க − இடை)² / (2 × மாறற்றிறன்). வர்க்கத்தை விரித்தால் க² உள்ள உறுப்பு ஒன்று, க உள்ள உறுப்பு ஒன்று, க இல்லாத உறுப்பு ஒன்று. ஆகவே திரட்டு இப்போது ஒரு சோடி: க, க². இயற்கைப் பரமானமும் ஒரு சோடி:

இ1 = இடை / மாறற்றிறன்
இ2 = −1 / (2 × மாறற்றிறன்)

கொப்பியில் வேண்டியவை இரண்டு எண்கள். கூட்டுத்தொகை 120, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 2930. இடை 24. மாறற்றிறன் 2930 / 5 − 24² = 10. அதிலிருந்து இ1 = 2.4, இ2 = −0.05. இ2 எப்போதும் மறையாகத்தான் இருக்கவேண்டும், நேராக வந்தால் கணக்கில் எங்கோ குறி தவறியிருக்கிறது. சமன் சார்பை நீட்டி எழுதப் போவதில்லை, வடிவம் புரிந்தவர்களுக்கு அது வெறும் அட்சரகணிதம்.

எவை குடும்பத்தில் இல்லை

இதைத் தெரிந்துகொள்ளாமல் பாடம் முழுமையாகாது. கல்முனை பஸ் 0இலிருந்து ஏதோ ஓர் உச்ச நிமிடம்வரை எந்த நேரத்திலும் சம வாய்ப்போடு வரும் என்று கொள்ளுங்கள். அந்த உச்சம்தான் நமக்குத் தெரியாத பரமானம். காத்திருந்த நிமிடங்கள் 7, 12, 3, 18, 9. உச்சம் 15 ஆக இருக்குமா? முடியாது, 18 நிமிடம் நின்ற ஒரு நாள் இருக்கிறது. 15 என்ற ஊகத்தின் கீழ் இந்தத் தரவின் நிகழ்தகவு சுத்தப் பூச்சியம். ஆனால் அடுக்கு[ ] எந்த எண்ணுக்கும் பூச்சியமாகாது. ஆகவே இந்தச் சீரான பரம்பலை நம் வடிவத்துக்குள் திணிக்கவே முடியாது. தரவின் எல்லை பரமானத்தோடு நகர்ந்தால் அது குடும்பத்தில் இல்லை: இதுதான் முதல் சோதனை, சூத்திரத்தைத் தொடமுன்பே செய்யலாம். இங்கும் தரவைச் சுருக்கலாம் என்பது வேறு கதை. ஆகப் பெரிய எண்ணான 18ஐ மட்டும் வைத்திருந்தால் போதும். டார்முவா முதலியோரின் முடிவில் எல்லை நகரக்கூடாது என்ற நிபந்தனை ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு விடை இதுதான்.

எல்லை நகராவிட்டாலும் சில வெளியே நிற்கும். கோஷிப் பரம்பலில் தரவும் பரமானமும் மடக்கைக்குள் சிக்கிப் பிரிக்க வராது. ஸ்டூடன்ட் டி பரம்பலும் அப்படி. இரண்டு செவ்வன் பரம்பல்களைக் கலந்த கலவையும் பொதுவாக இல்லை. ஈருறுப்புப் பரம்பலில் முயற்சிகளின் எண்ணிக்கை தெரிந்திருந்தால் உள்ளே, தெரியாவிட்டால் வெளியே. வைபுல் பரம்பலுக்கும் வடிவப் பரமானத்தை வைத்து இதே நிபந்தனை. பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், எது தெரியும் எது தெரியாது என்று முதலில் கேளுங்கள்.

அடுக்குக்குறிப் பரம்பல் வேறு, அடுக்குக்குறிக் குடும்பம் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்னது பின்னதின் ஓர் அங்கத்தவர் மட்டுமே.

தரவு குடும்பத்துக்கு ஒத்துவராதபோது

காவலாளி எத்தனை தரம் வந்தது என்பதற்குப் பதிலாக எத்தனை யானை வந்தது என்று குறித்திருந்தால்? அதே பத்து இரவுகளுக்கு: 0, 4, 0, 9, 0, 0, 1, 14, 0, 3. சராசரி 3.1, மாறற்றிறன் ஏறத்தாழ 20.7. பொய்சோன் என்றால் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கவேண்டும். மாறற்றிறன் ஆறு மடங்குக்கு மேல் இருக்கிறது. காரணம் கணிதத்தில் இல்லை, யானையில் இருக்கிறது: அது கூட்டமாக வரும். ஒன்று வந்தால் பின்னால் இன்னும் நாலு வரும் என்ற நிலையில், ஒவ்வொன்றும் தன்பாட்டில் வருகிறது என்ற பொய்சோனின் அடிப்படை உடைந்துவிடுகிறது. இந்த நிலைமையில் 'மொத்தம் 31' என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு கொப்பியை எறிந்தால், பிரச்சினை இருப்பதையே நீங்கள் அறியமாட்டீர்கள். போதுமான புள்ளிவிபரம் போதுமாவது மாதிரியுரு சரியாக இருக்கும்வரைதான். டெங்கு நோயாளர் எண்ணிக்கை போன்ற தரவுகளிலும் இதைப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்கும் வருகிற நோய் அது.

அடுத்து எங்கே போவது

1972இல் ஜோன் நெல்டரும் ரொபர்ட் வெடர்பர்னும் பொதுமைப்படுத்திய ஏகபரிமாண மாதிரியுருக்களை முன்வைத்தார்கள். இந்தக் குடும்பத்தை விளங்கிக்கொண்டவர்களுக்கு அது பெரிய பாய்ச்சலாக இராது. இ எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம் என்று பேர்நூலியில் பார்த்தோமே, அந்த இ-ஐ மற்ற விபரங்களின் நேர்கோட்டுச் சேர்மானமாக எழுதுகிறார்கள். விதை எத்தனை மாதம் பழசு, எத்தனை மணித்தியாலம் ஊறியது என்பவற்றிலிருந்து முளைக்கும் வாய்ப்பைக் கணிப்பது லொஜிஸ்டிக் தொடர்புப்போக்கு. காட்டோரத்திலிருந்து வட்டை எவ்வளவு தூரம் என்பதிலிருந்து யானை வரும் வீதத்தைக் கணிப்பது பொய்சோன் தொடர்புப்போக்கு. ஆர் மென்பொருளில் ஜீ.எல்.எம். (இந்த மாதிரியுருக்களின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) கட்டளையில் 'ஃபமிலி' என்று ஓர் இடம் இருக்கும், அங்கே கேட்கப்படுவது இந்தக் குடும்பத்தின் எந்த அங்கத்தவர் என்பதுதான். மாறற்றிறன் அளவுக்கு மிஞ்சி இருந்தால் அங்கே 'குவாசி பொய்சோன்' என்றும் கொடுக்கலாம்.

பேய்ஸ் முறையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு வரி: பொய்சோனுக்கு முன் நம்பிக்கையாகக் காமாப் பரம்பலை வைத்தால், தரவு வந்தபின் கிடைப்பதும் காமாதான். அதன் ஒரு பரமானத்தோடு மொத்தத்தையும், மற்றதோடு இரவுகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் சரி. முதல் வாசிப்பில் இதை விட்டுவிட்டுப் போகலாம்.

கையால் செய்ய மூன்று

முதலாவது, அடுக்குக்குறிப் பரம்பல்: ல × அடுக்கு[−ல × க]. இ = −ல, திரட்டு க, சமன்(இ) = −மடக்கை(−இ) என்று வரவேண்டும். வகையிட்டால் 1 / ல, மறுபடி வகையிட்டால் 1 / ல².

இரண்டாவது, முதல் வெற்றிக்கு முன் எத்தனை தோல்வி என்று எண்ணும் பெருக்கற் பரம்பல்: ப × (1 − ப)^க. இ = மடக்கை(1 − ப), சமன்(இ) = −மடக்கை(1 − அடுக்கு[இ]), இடை (1 − ப) / ப.

மூன்றாவது கொஞ்சம் குறும்பு. பரேட்டோ பரம்பலில் ஆகக் குறைந்த பெறுமானம் ம என்று தெரியும், அடுக்குப் பரமானம் வ மட்டும் தெரியாது: வ × ம^வ / க^(வ + 1). அடி(க)-ஐ 1 / க என்று எடுத்தால் இ = −வ. திரட்டு க அல்ல, மடக்கை(க). அதன் இடை மடக்கை(ம) + 1 / வ. செய்து முடித்தபின், ம-உம் தெரியாது என்று வைத்து மறுபடி முயன்று பாருங்கள். கல்முனை பஸ்ஸில் நின்ற அதே இடத்தில்தான் போய் நிற்பீர்கள்.